6÷2(1+2) எவ்வளவு? மதிப்பெண் போன மகளுக்கு என்ன பதில் சொல்வது?

தேனிவாசகி:
வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் நடந்த வகுப்புத் தேர்வில் 14-ஆவது கேள்வி, "சுருக்குக: 6÷2(1+2)". அவள் செய்த படிகளை அப்படியே தருகிறேன்:

6÷2(1+2)
= 6÷2(3)
= 6÷6
= 1

இரண்டாம் வரியில் 2(3) என்பதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறாள். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டு, ஓரத்தில் 9 என்று எழுதியிருக்கிறார். இரண்டு மதிப்பெண் போய்விட்டது. மதிப்பெண் போனதற்கு அவள் அழவில்லை. எங்கே தவறு செய்தாள் என்று யாராலும் சொல்ல முடியாததற்குத்தான் அழுதாள்.

அன்று இரவு வீட்டில் பெரிய வாக்குவாதம். என் கணவர் 9 என்கிறார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் என் தம்பி 1 என்கிறான். சாப்பாட்டு மேசையில் தம்பியின் சயின்டிபிக் கால்குலேட்டரையும் என் கைப்பேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வரியை அடித்தோம். அது 1 என்றது, இது 9 என்றது. "மிஷினே சண்டை போடும்போது நான் மட்டும் எப்படித் தப்பு?" என்று மகள் கேட்டாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு:
9. அடைப்புக்குறி முதலில், பிறகு இடமிருந்து வலம். எந்தச் செயல் முதலில் என்று சொல்லும் போட்மாஸ் விதியைப் படித்த யாருக்கும் இதில் சந்தேகம் வராது.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:
அம்மா, முப்பத்தொரு ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பள்ளி விதிப்படி விடை 9. வகுத்தலும் பெருக்கலும் ஒரே படியில் இருப்பவை. எது இடப்பக்கம் முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். அடைப்புக்குறிக்கு உள்ளே இருப்பதை முடித்துவிட்டால் 6÷2×3 நிற்கிறது. ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று, மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது.

ஆனால் என் மனத்தை உண்மையில் அரித்த பிழை வேறு. 10−3+2 என்று கொடுத்தால் வகுப்பில் சில பிள்ளைகளாவது 5 என்று எழுதுவார்கள். கேட்டால், "போட்மாஸில் கூட்டல்தானே சார் முதலில் வருகிறது" என்பார்கள். 3-ஐயும் 2-ஐயும் கூட்டி 10-இலிருந்து கழித்துவிடுவார்கள். விடை 9 என்று நான் சொன்னால், மனப்பாடம் செய்த விதியை நானே மீறுவதுபோல என்னைப் பார்ப்பார்கள். செயல்களின் ஆங்கில முதலெழுத்துகளை வரிசையாக அடுக்கிய அந்த ஒரு சொல், கூட்டலுக்குக் கழித்தலைவிட மேலான இடம் இருப்பதாக நம்பவைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் போட்மாஸில் வகுத்தல் பெருக்கலுக்கு முன்னால் வருகிறது. பிள்ளை அதை அப்படியே நம்பி, எங்கே வகுத்தல் இருந்தாலும் அதை முதலில் செய்தாலும் விடை கெடாது. 24×4÷8 என்பதில் 4÷8-ஐ முதலில் செய்தாலும் 12தான் வரும். அதனால் அந்தத் தவறான நம்பிக்கை கடைசிவரை வெளியே தெரியாமலே இருந்துவிடும். அமெரிக்கப் பிள்ளைகள் படிப்பது பெம்டாஸ். அதில் பெருக்கல் முன்னால். 24÷4×3 கொடுத்தால், அங்கே எழுத்து வரிசையை நம்பும் பிள்ளை 4×3-ஐ முதலில் செய்து 2 என்று எழுதும். இங்கே அதே நம்பிக்கையுள்ள பிள்ளை சரியாக 18 எழுதிவிடும். யாருக்குமே காரணம் தெரிந்திருக்காது.

மின்காந்தம்:
ஐயாவின் மீது மரியாதை உண்டு. ஆனால் 9 என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 6÷2×3 என்று எழுதியிருந்தால் நானும் 9தான் சொல்வேன். கேள்வியில் பெருக்கல் குறியே இல்லையே. 2(1+2) என்று ஒட்டி எழுதியிருக்கிறார்கள். ஒட்டி எழுதியதை ஒரே பொருளாகப் பார்ப்பது நாங்கள் தினமும் செய்வது. 1/2அ என்று எழுதினால் இயற்பியல் படித்தவர் யாரும் அதை "அரை அ" என்று படிக்க மாட்டார். ஒன்றின் கீழ் 2அ என்றுதான் படிப்பார். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் பிசிக்கல் ரிவ்யூ இதழ்களின் எழுத்துமுறை விதியே, சாய்கோட்டு வகுத்தலைவிடப் பெருக்கல் முன்னுரிமை கொண்டது என்பதுதான்.

இது இன்று கிளம்பிய வழக்கமும் அல்ல. 1917-இல் லென்னஸ் என்ற கணிதப் பேராசிரியர் அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி இதழில் இதையேதான் எழுதினார். இடமிருந்து வலம் என்ற விதியைக் கண்மூடிப் பின்பற்றினால் 9அ²÷3அ என்பதற்கு 3அ³ என்று விடை வர வேண்டும். ஆனால் இயற்கணிதப் புத்தகங்கள் எல்லாம் 3அ என்றுதான் எழுதுகின்றன. விதியை எழுதியவர்களே அதைப் பின்பற்றவில்லை என்பதை அவர் நூறாண்டுக்கு முன்பே எடுத்துக்காட்டிவிட்டார்.

நேர்கோடு நண்பருக்கு ஒரு கேள்வி. 6÷2½ எவ்வளவு? 2.4 என்பீர்கள். 6-ஐ 2-ஆல் வகுத்து, அதோடு அரையைக் கூட்டி 3.5 என்று ஏன் சொல்லவில்லை? இரண்டும் அரையும் ஒட்டி நிற்பதால்தானே? அங்கே ஒட்டுக்கு மதிப்பு உண்டு, 2(3)-க்கு மட்டும் இல்லையா?

நேர்கோடு:
2½ ஓர் எண். 2(3) ஒரு செயல். இரண்டும் ஒன்றாகாது. இருந்தாலும், 6÷2½ கேள்வியைக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டி எழுதினால் கலப்புப் பின்னத்தில் கூட்டல் என்று பொருள், எழுத்துக்கணக்கில் பெருக்கல் என்று பொருள். இதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:
தம்பி மின்காந்தம், உங்கள் வாதம் வலுவானது. 9அ²÷3அ-வை நானே பல்லாயிரம் முறை 3அ என்று எழுதிப்போட்டிருக்கிறேன். ஆனால் விடைத்தாள் திருத்துபவன் இடத்தில் நின்று பாருங்கள். ஒட்டி எழுதினால் முன்னுரிமை என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கே சொல்லப்பட்டிருக்கிறது? சொல்லப்படாத விதியை வைத்து நான் எப்படி மதிப்பெண் போடுவது? ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, படித்த விதியை ஒழுங்காகப் பின்பற்றிய நாற்பது பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

மின்காந்தம்:
நாற்பது பேருக்கும் கொடுங்கள், ஐயா. படிகளைக் காட்டிய அத்தனை பேருக்கும். அந்தப் பெண் கணக்கில் எங்கும் பிசகவில்லை. பென்சில் வட்டம் போட்டுத் தன் காரணத்தைக் காட்டியிருக்கிறாள். அதைவிட ஒரு பிள்ளை வேறென்ன செய்ய முடியும்?

தேர்வுப்பயணி:
போட்டித் தேர்வுக்குப் படிப்பவன் நான். போட்மாஸில் இரண்டாவதாக வரும் "ஓ" எழுத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பிற்காலப் புத்தகங்களில் அதை அடுக்கு என்கிறார்கள். எங்கள் பயிற்சிப் புத்தகங்களில் அது இன்றும் "ஆஃப்", அதாவது "5-இன் 2 மடங்கு" என்பதில் வரும் அந்த "இன்". 20÷5×2 என்றால் 8. அதே எண்களை "20 ÷ 5 ஆஃப் 2" என்று கொடுத்தால் 10-ஐ முதலில் கண்டுபிடித்து, விடை 2. இரண்டும் பெருக்கல்தான். ஆனால் ஒன்று வகுத்தலுக்குச் சமமான படியில் இருக்கிறது, மற்றொன்று அதற்கு மேலே. ஆக, பெருக்கலில் நெருக்கமான பெருக்கல் என்று ஒரு வகை உண்டு என்பதை நம் ஊர்ப் பாடமுறை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

மின்காந்தம்:
அருமை தம்பி. நான் இரண்டு நாளாகச் சொல்ல நினைத்தது இதுதான்.

மளிகைக்கடை:
நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். என் கல்லாப்பெட்டியில் இருக்கும் கால்குலேட்டரைப் பற்றிச் சொல்கிறேன். கிலோ 45 ரூபாய் சர்க்கரை 3 கிலோ, 38 ரூபாய் பொட்டலம் 2. மொத்தம் 211 ரூபாய். இதை 3×45+2×38 என்று ஒரே மூச்சில் அடித்தால் அது 5206 காட்டும். அடிக்க அடிக்க அது கணக்குப் போட்டுக்கொண்டே போகும்: 135, அதோடு 2 சேர்ந்து 137, அதை 38-ஆல் பெருக்கி 5206. கைப்பேசியில் அதையே அடித்தால் 211 சரியாக வரும்.

கடைக்குப் புதிதாக வரும் பையனுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது, வந்த விடையை நினைவில் கூட்டிவைக்கும் "எம் பிளஸ்" பொத்தான். 3×45 அடி, எம் பிளஸ். 2×38 அடி, எம் பிளஸ். கடைசியில் மொத்தத்தைக் காட்டும் எம்ஆர். போன மாதம் வந்த பையன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். முதல் நாள் 5206 என்று திரையில் வந்ததும் அப்படியே உறைந்து நின்றுவிட்டான். சர்க்கரை வாங்க வந்த பாட்டி வாயாலேயே 211 என்று சொல்லிவிட்டார்கள்.

தேனிவாசகி:
உங்கள் பதிவை மகளுக்குப் படித்துக்காட்டினேன். கைப்பேசியில் கால்குலேட்டர் பார்த்தவள், கடைக் கால்குலேட்டரைப் பார்க்க வேண்டும் என்று இன்று மாலை தெருமுனைக் கடைக்கே போய்விட்டாள். 2+3×4 அடித்தாளாம். 20 வந்ததாம்.

நிரல்நெசவு:
கால்குலேட்டர்கள் ஏன் அடித்துக்கொள்கின்றன என்று தொடக்கத்தில் கேட்டிருந்தீர்கள். ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முன்னுரிமை தருவதா வேண்டாமா என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். ஒரே நிறுவனமே மாற்றிக்கொண்டதும் உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-82 முன்னுரிமை தந்தது, அடுத்து வந்த டிஐ-83 தரவில்லை. கேசியோவின் கிளாஸ்விஸ் வகையில் 6÷2(1+2) என்று அடித்து விடை கேட்டால், கருவி தானாகவே ஓர் அடைப்புக்குறியைச் சேர்த்து 6÷(2(1+2)) என்று காட்டிவிட்டு 1 தருகிறது. எனக்குப் பிடித்த நேர்மை அது. "உன் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

நிரல் மொழிகளிலும் இதே கதை. பைத்தானில் 2-இன் மேல் 3, அதன் மேல் 2 என்று அடுக்கு மேல் அடுக்காக எழுதினால் 512 வரும், ஏனென்றால் மேலே இருப்பதை முதலில் செய்கிறது. எக்செலில் அதே வரி 64. ஏபிஎல் என்ற பழைய மொழியில் முன்னுரிமை என்பதே கிடையாது. எல்லாம் வலமிருந்து இடம். ஸ்மால்டாக்கில் எல்லாம் இடமிருந்து வலம். அங்கே 2+3×4 என்றால், தெருமுனைக் கடையில் வந்த அதே 20தான்.

ஆய்வுமாணவி:
எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மணி வடிவ வளைவு ஒன்றை வரைய வேண்டியிருந்தது. e-இன் அடுக்காக எதிர்க்குறி, எண், வர்க்கம் என்று வரிசையாக விரிதாளில் சூத்திரம் எழுதினேன். எண் 2 ஆகும்போது 0.0183 வர வேண்டிய இடத்தில் 54.598 வந்தது. மணி கவிழ்ந்து கிணறானது. அரை நாள் தரவைச் சந்தேகப்பட்டேன், அளவுகோலைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு காலிக் கட்டத்தில் -2^2 (^ என்பது அடுக்குக்குறி) என்று மட்டும் அடித்துப் பார்த்தேன். 4 என்றது. கணிதப் புத்தகத்தில் அது −4. முன்னால் நிற்கும் எதிர்க்குறியை அந்த மென்பொருள் எண்ணோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் வர்க்கம். பைத்தானில் −4 வரும். ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு நட்சத்திரக் குறி போட்டு இதே அடுக்கை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், விடையே தராமல் பிழை என்று நிறுத்திவிடும். எனக்கு அந்த மூன்றாவதுதான் நியாயமாகப் படுகிறது. அன்றே அது என்னை நிறுத்தியிருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும்.

பழங்கணக்கு:
எல்லோரும் அந்த ÷ குறியை ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள்? வகுத்தலுக்கு அதை அச்சில் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்தின் யோகான் ரான், 1659-இல். டென்மார்க்கிலும் நார்வேயிலும் நெடுங்காலம் அதே குறியைக் கழித்தலுக்குப் பயன்படுத்தினார்கள். கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய கஜோரி, ÷, × இரண்டும் ஒரே கோவையில் வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் உடன்பாடே இல்லை என்று 1928-இல் பதிவு செய்திருக்கிறார். கணிதக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 80000-2, வகுத்தலுக்கு இந்தக் குறியைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது. 2011-இல் 48÷2(9+3) என்று ஒரு சண்டை, 2019-இல் 8÷2(2+2) என்று ஒரு சண்டை. கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் நியூயார்க் டைம்ஸில் எழுத வேண்டிய அளவுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் அதே ÷, அதே ஒட்டிய அடைப்புக்குறி. பின்னக்கோடு போட்டு எழுதியிருந்தால் ஒரு சண்டையும் வந்திருக்காது. கோட்டுக்கு மேலே இருப்பது மேலே, கீழே இருப்பது கீழே.

இனி நான் சொல்ல வந்தது. அந்தக் கணக்கைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

"ஆறை இரண்டால் வகுத்து, வந்ததை மூன்றால் பெருக்கு." ஒன்பது.
"இரண்டை மூன்றால் பெருக்கி, வந்த எண்ணால் ஆறை வகு." ஒன்று.

இரண்டில் எதைச் சொன்னாலும் சந்தேகம் வர இடமில்லை. "ஐ"யும் "ஆல்"உம் எதை எதனால் என்று சொல்லிவிடுகின்றன. "வகுத்து", "பெருக்கி" என்ற வினையெச்சங்கள் எது முதலில், எது பின்னால் என்று சொல்லிவிடுகின்றன. அடைப்புக்குறி செய்யும் வேலையை வேற்றுமை உருபு செய்கிறது.

நம் எண்ணுப்பெயர்களுக்குள்ளேயே முன்னுரிமை இருக்கிறது. இருநூற்று ஐந்து என்றால் இரண்டு பெருக்கல் நூறு, பிறகு கூட்டல் ஐந்து. இரண்டை நூற்றைந்தால் பெருக்க யாருக்கும் தோன்றாது. பழைய பின்ன வாய்பாட்டைப் பாருங்கள். அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. ஒட்டிச் சொன்னால் பெருக்கல். ஒன்றேகால் என்றால் ஒன்றும் காலும்; ஏகாரம் வந்தால் கூட்டல். இரண்டும் சேர்ந்து வந்தால்? காலே அரைக்கால். கால், அதோடு காலில் அரை: எட்டில் மூன்று. காலையும் அரையையும் முதலில் கூட்டி அதைக் காலால் பெருக்குபவர் ஒருவரும் இல்லை. ஒட்டிய பெருக்கல் முதலில், ஏகாரக் கூட்டல் பிறகு. மின்காந்தம் நண்பர் கேட்ட விதி, நம் பாட்டிமார் நாவில் இருந்த விதி.

மின்காந்தம்:
இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "இரண்டையும் மூன்றையும் கூட்டு" என்று எண்களை முதலிலும் செயலைக் கடைசியிலும் சொல்கிறோமே, அதே வரிசையில் அடிக்கும் கால்குலேட்டர்கள் உண்டு. எச்பி நிறுவனத்தின் எச்பி-35, 1972-இல் வந்தது. 2, என்டர் பொத்தான், 3, பிறகு கூட்டல் பொத்தான். அதில் அடைப்புக்குறிப் பொத்தானே கிடையாது, தேவையும் கிடையாது. போலந்துத் தருக்கவியலாளர் வூகாசியேவிச் 1920-களில் அடைப்புக்குறி இல்லாமல் எழுத ஒரு முறை கண்டார். அதைத் திருப்பிப் போட்டது இது. கல்லூரியில் எனக்கு அது புரியப் பல நாட்கள் ஆயின. தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:
பழங்கணக்கு ஐயாவுக்கு வணக்கம். இத்தனை ஆண்டுகளில் "கோவையைச் சுருக்கு" என்று ஆயிரம் முறை எழுதிப்போட்டிருக்கிறேன். "இந்தக் கோவையை வாயால் சொல்" என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தேனிவாசகி அம்மா, முதலில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பள்ளி விதிப்படி 9 என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அந்தக் கேள்வி தேர்வுத் தாளில் வந்திருக்கவே கூடாது. இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய வரியை எழுதியவர்தான் அதற்குப் பொறுப்பு. படித்த பிள்ளை பொறுப்பாக முடியாது. நீங்கள் பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரிப் போகாதீர்கள். இரண்டு கால்குலேட்டர்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

தேனிவாசகி:
போனேன். ஆசிரியர் இளம் வயதுப் பெண். இரண்டையும் மேசைமேல் வைத்து அடித்துக் காட்டியதும் கையில் எடுத்து அவரும் ஒரு முறை அடித்துப் பார்த்தார். கேள்வி பழைய வினாத்தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்தது என்றார். மதிப்பெண் பதிவேட்டில் ஏறிவிட்டதாம், மாற்ற முடியாதாம். ஆனால் மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் அந்த வரியை எழுதி, "இதை இரண்டு விதமாகப் படிக்கலாம், அடைப்புக்குறி போட்டு இரண்டையும் எழுதுங்கள்" என்று எல்லோரிடமும் சொன்னாராம். என் மகளை எழுப்பி அந்தப் பென்சில் வட்டத்தை விளக்கச் சொன்னாராம். இரண்டு மதிப்பெண்ணை அவள் அதன்பிறகு கேட்கவேயில்லை.

ஆய்வுமாணவி:
மகிழ்ச்சி, அக்கா. பழங்கணக்கு ஐயாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். -2^2 என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "எதிர் இரண்டின் வர்க்கம்" என்றால் கேட்பவர் எதிர் இரண்டை வர்க்கமாக்கி 4 என்பார். புத்தகம் சொல்லும் −4 அதில் வரவில்லை. இங்கே உருபு காப்பாற்றவில்லையே?

பழங்கணக்கு:
உண்மை. "எதிர்" என்பதற்கு உருபு எதுவும் ஒட்டவில்லை, அதனால் எதோடு சேர்வது என்று தெரியாமல் முன்னால் தனியாக நிற்கிறது. எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

தேனிவாசகி:
மகளிடம் கேட்டேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், "இரண்டின் வர்க்கம், அதற்கு எதிர்" என்றாள்.